செத்துப்போன எஸ்எம்பிஎஸ்: திறக்கலாமா, தூக்கிப் போடலாமா?

இன்னைக்கு எபிசோட் ஒரு இரும்பு டப்பாவைப் பத்தி. கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குள்ள ஒரு மூலையில ஃபேனோட உட்கார்ந்திருக்குமே, அதேதான். அட்டைப்பெட்டியில பவர் சப்ளைன்னு அச்சடிச்சிருக்கும். ஆனா நம்ம ஊர்ல எந்த சர்வீஸ் கடைக்குப் போனாலும் அதுக்குப் பேரு எஸ்எம்பிஎஸ். கம்ப்யூட்டர் திடீர்னு ஆன் ஆகலைன்னா, கடைக்காரர் கேபினெட்டைத் திறக்குறதுக்கு முன்னாடியே சொல்ற முதல் வார்த்தையும் அதுதான்: "எஸ்எம்பிஎஸ் போயிருக்கும் சார், மாத்திடலாம்."

பாதி நேரம் அவர் சொல்றது சரியாவும் இருக்கும். ஆனா "போயிருக்கும்"ங்கிறதுக்கும் "எங்க போயிருக்கு"ங்கிறதுக்கும் நடுவுல ஒரு பெரிய இடைவெளி இருக்கு. எனக்கு ஆர்வம் அந்த இடைவெளியிலதான். ஆபீஸ்ல நான் கோட் எழுதுற ஆளு. எலக்ட்ரானிக்ஸ் எனக்கு வேலை கிடையாது, சனிக்கிழமைப் பொழுதுபோக்கு. அதனால இதை ஒரு டெக்னீஷியன் சொல்ற பாடமா எடுத்துக்காதீங்க. பிழை தேடுற பழக்கம் இருக்கிற ஒருத்தன் இந்த டப்பாவை எப்படிப் பார்க்குறான்னு எடுத்துக்கோங்க.

முதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு சுருக்கமா பார்ப்போம். சுவத்துலேர்ந்து வர்றது 230 வோல்ட் ஏசி. அது ஃபியூஸ், ஃபில்ட்டர் எல்லாம் தாண்டி ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர்ல டிசியா மாறும். 230ஐ 1.414ஆல பெருக்குங்க, கிட்டத்தட்ட 325 வோல்ட். அந்த 325 வோல்ட் ஒரு தடிமனான கெப்பாசிட்டர்ல போய் உட்காரும். அதுக்கப்புறம் மாஸ்ஃபெட்டுகள் அதை நொடிக்குப் பல்லாயிரம் தடவை ஆன் ஆஃப் பண்ணி ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மருக்கு அனுப்பும். பேர்ல இருக்கிற 'ஸ்விட்ச் மோட்' இதுதான். சுவத்துலேர்ந்து வர்ற 50 ஹெர்ட்ஸ்லயே இந்த வேலையைச் செய்யணும்னா டிரான்ஸ்ஃபார்மரே செங்கல் சைஸுக்கு வேணும். வேகமா ஸ்விட்ச் பண்றதால தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெருசு போதும். டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் 12, 5, 3.3 வோல்ட் வெளிய வரும்.

இந்த இடத்துல ஒரு விஷயம் பல பேருக்குத் தெரியாது. டப்பாவுக்குள்ள இருக்கிறது ஒரு பவர் சப்ளை இல்ல, ரெண்டு. பெரியது நீங்க பவர் பட்டனை அழுத்தினாத்தான் முழிக்கும். சின்னது சுவர் சுவிட்ச் ஆன்ல இருக்கிற வரைக்கும் தூங்கவே தூங்காது. 5 வோல்ட் ஸ்டாண்ட்பைன்னு பேரு. நீங்க ஷட்டவுன் பண்ணிட்டுப் போனப்புறமும், பட்டனை எப்போ அழுத்துவீங்கன்னு மதர்போர்டு காத்துக்கிட்டு இருக்கிறதுக்கு இதுதான் சாப்பாடு போடுது. வாட்ச்மேன் மாதிரி. வாட்ச்மேன் போயிட்டா உள்ள எவ்வளவு பெரிய மோட்டார் இருந்தாலும் கேட்டைத் திறக்க ஆள் இல்ல.

1995ல இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் ஸ்டாண்டர்டோட வசதி என்னன்னா, எந்தக் கம்பெனி டப்பாவா இருந்தாலும் ஒயர் கணக்கு ஒண்ணுதான். கறுப்பு கிரவுண்ட். மஞ்சள் 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3. ஊதா அந்த ஸ்டாண்ட்பை 5. பச்சை ஒயரை கிரவுண்டோட சேர்த்தா பெரிய சப்ளை ஆன் ஆகும். சாம்பல் ஒயர், "எல்லா வோல்டேஜும் சரியா இருக்கு, நீ கிளம்பலாம்"னு மதர்போர்டுக்குச் சொல்ற சிக்னல். இப்போ வர்ற சில மாடல்கள்ல எல்லா ஒயரும் கறுப்பா இருக்கும். பார்க்க அழகுதான், ஆனா பின் வரைபடம் பக்கத்துல இல்லாம அதுல கை வைக்காதீங்க.

டப்பாவைத் திறக்காமலேயே நோயைப் பாதியா வெட்டுறதுதான் முதல் வேலை. சுவர் சாக்கெட்ல கரண்ட் வருதா, பவர் கேபிளை மாத்திப் பார்த்தாச்சா, டப்பா பின்னாடி இருக்கிற குட்டி சுவிட்ச் ஆன்ல இருக்கா, இதெல்லாம் பார்த்துடுங்க. சிரிக்காதீங்க, பல கேஸ் அங்கேயே முடிஞ்சிடும். அப்புறம் 24 பின் கனெக்டரை மதர்போர்டுலேர்ந்து கழட்டி, மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்ல வெச்சு, ஊதாவுக்கும் கறுப்புக்கும் நடுவுல என்ன வருதுன்னு பாருங்க. இந்த ஒரே அளவு கேஸை ரெண்டா பிரிச்சிடும். 5 வோல்ட் இருக்குன்னா ஃபியூஸ், பிரிட்ஜ், பெரிய கெப்பாசிட்டர், வாட்ச்மேன் எல்லாரும் உயிரோட இருக்காங்க, பிரச்சினை பெரிய சப்ளையில. 5 வோல்ட் இல்லைன்னா பெரிய சப்ளையைப் பத்திப் பேசுறதே வீண், பிரச்சினை அதுக்கு முன்னாடி. பைனரி சர்ச் தெரிஞ்சவங்களுக்கு இது புதுசில்ல.

5 வோல்ட் வந்தா, பச்சையையும் பக்கத்துக் கறுப்பையும் ஒரு துண்டு ஒயரால சேர்த்துப் பார்க்கலாம். இணையத்துல எல்லாரும் ஜெம் கிளிப்தான் காட்டுறாங்க. வேலை செய்யும், ஆனா பக்கத்துப் பின்ல பட்டுடும். பிளாஸ்டிக் உறை இருக்கிற ஒயர் நல்லது. லோடுக்கு ஒரு பழைய ஹார்டு டிஸ்க் மாட்டிக்கோங்க. ஃபேன் சுத்தினதும் "சரியாயிடுச்சு"ன்னு முடிவு பண்ணிடாதீங்க, ஃபேன் சுத்துறதுக்கு அரை உயிர் போதும். ஃபேன் ஒரு துடிப்பு துடிச்சிட்டு நின்னா, பாதுகாப்பு சர்க்யூட் எதையோ பார்த்துப் பயந்து அணைக்குதுன்னு அர்த்தம். பெரும்பாலும் வெளியீட்டுப் பக்கம் ஏதோ ஒரு டையோடு ஷார்ட் ஆகியிருக்கும். பிளக்கைக் கழட்டிட்டு ஒவ்வொரு லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ஓம் அளந்தா பிடிபடும். 3.3 லைன்ல மட்டும் சில ஓம்தான் காட்டினாலும் உடனே பதறவேணாம், உள்ளேயே லோட் ரெசிஸ்டர் போட்டிருப்பாங்க. ஜீரோ காட்டினாதான் குத்தம்.

சரி, இப்போ ஒரு நிஜ கேஸ். எங்க ஏரியாவுல ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கு. ஒரு அக்கா நடத்துறாங்க. ஒரே ஒரு கம்ப்யூட்டர். ஹால் டிக்கெட், ஆன்லைன் அப்ளிகேஷன், பத்திரிகை டைப்பிங் எல்லாம் அதுலதான். ஈபிகாரங்க மாதாந்திர பராமரிப்புக்குக் காலையில கரண்டை நிறுத்தியிருக்காங்க. மதியத்துக்கு மேல கரண்ட் வந்தப்போ எல்லாம் ஆன் ஆச்சு, கம்ப்யூட்டர் மட்டும் ஆகல. "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா ஓடுச்சு தம்பி, ஒரு நாள் மக்கர் பண்ணினதில்ல"ன்னாங்க. நல்ல பிராண்டு 450 வாட், ஆறு வருஷப் பழசு. வாரன்டி முடிஞ்சது. அதே தரத்துல புதுசு வாங்கணும்னா 2,000 ரூபாய்க்கு மேல. அந்த வாரம் பரீட்சை அப்ளிகேஷன் கடைசித் தேதி வேற, கடைக்கு அதுதான் சீசன். என் வீட்டுல சும்மா இருந்த ஒரு பவர் சப்ளையைத் தற்காலிகமா மாட்டிக்கொடுத்துட்டு, அவங்களோடதை எடுத்துட்டு வந்தேன்.

ஊதா ஒயர்ல அளந்தேன். 5 வரல. ஆனா சுத்தமா ஜீரோவும் இல்ல. மீட்டர்ல எண் 0.3, 0.8, 0.2ன்னு துடிச்சிக்கிட்டே இருந்துச்சு. காதை வெச்சுக் கேட்டா மெல்லிசா டிக், டிக், டிக். இதைக் கேட்டதும் எனக்கு ஒரு சந்தோஷம். ஃபியூஸ் போன டப்பா இப்படிச் சத்தம் போடாது. உள்ள யாரோ எழுந்திருக்க முயற்சி பண்றாங்க, முடியல.

திறக்குறதுக்கு முன்னாடி நிஜமாவே சீரியஸா ஒண்ணு. பிளக்கைக் கழட்டினாலும் அந்தப் பெரிய கெப்பாசிட்டர்ல 325 வோல்ட் இருக்கலாம். 330 மைக்ரோஃபேரட்னா கிட்டத்தட்ட 17 ஜூல். ஒரு கிலோ அரிசிப் பையை ஆள் உயரத்துலேர்ந்து கீழ போட்டா வர்ற சக்தி அது. கால்ல விழுந்தா வலிக்கும். மார்பு வழியா கரண்டா போனா ஆளையே கொல்லலாம். நல்லா வேலை செய்யுற டப்பாவுல அது தானா வடியும். ஆனா நம்ம கையில இருக்கிறது வேலை செய்யாத டப்பா, அதனால அதோட நல்ல குணத்தை நம்பக்கூடாது. 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ணை உறை போட்ட கிளிப் ஒயர்ல சேர்த்து கெப்பாசிட்டரோட ரெண்டு காலுக்கும் நடுவுல வெச்சு முப்பது வரைக்கும் எண்ணுங்க. அப்புறம் மீட்டர்ல அளந்து ஒண்ணு ரெண்டு வோல்ட்டுக்குக் கீழ வந்துடுச்சான்னு கண்ணால பாருங்க. ஸ்க்ரூடிரைவரால டமால்னு ஷார்ட் பண்ணிக் காட்டுற வீடியோ நிறைய இருக்கு. வேணாம். ஈரக் கை, வெறுங்கால், வீட்டுல யாரும் இல்லாத நேரம், இந்த மூணுலேயும் திறக்கக்கூடாது. கரண்ட் இருக்கும்போது அளக்கணும்னா, முதல்ல பிளக் கழட்டின நிலையில மீட்டர் கிளிப்பை மாட்டிட்டு, கையை எடுத்துட்டு, அப்புறம் சுவிட்ச் போடுங்க. ஆசிலோஸ்கோப் வெச்சிருக்கிற நண்பர்களுக்கு: அதோட எர்த் கிளிப்பை 325 வோல்ட் பக்கம் மாட்டினா பெரிய பட்டாசு வெடிக்கும். அந்தப் பக்கம் அது வேணவே வேணாம்.

திறந்ததும் கண்ணும் மூக்கும்தான் முதல் கருவி. தலை உப்பின கெப்பாசிட்டர், கருகின ரெசிஸ்டர், விரிசல் விட்ட ஈயம். இன்னொண்ணு, பாகங்கள் ஆடாம இருக்க ஃபேக்டரியில ஒரு பசை ஊத்தியிருப்பாங்க. சில வகைப் பசை வருஷக்கணக்கா சூடு பட்டுப் பழுப்பா மாறி, கரண்டைக் கடத்த ஆரம்பிச்சிடும், காலையும் அரிக்கும். பழுப்பா இருந்தா சுரண்டி எடுத்துடுறது நல்லது. அக்காவோட டப்பாவுல தூசி மட்டும்தான். ஃபியூஸ் நல்லா இருக்கு. கிளிப் மாட்டி அளந்தா பெரிய கெப்பாசிட்டர்ல 322 வோல்ட். ஆக ஃபியூஸும் பிரிட்ஜும் சந்தேகப் பட்டியல்லேர்ந்து வெளியே. மிச்சம் அந்த வாட்ச்மேன் சர்க்யூட்.

இங்கதான் நான் ரசிச்ச விஷயம் வருது. அந்தச் சின்ன சர்க்யூட்டுக்கு ஒரு கன்ட்ரோலர் ஐசி இருக்கும். அதுக்கும் உயிர் வாழ 10லேர்ந்து 20 வோல்ட் வரைக்கும் தேவை. ஓடிக்கிட்டு இருக்கும்போது அந்த வோல்டேஜை டிரான்ஸ்ஃபார்மர்ல இருக்கிற ஒரு துணைச் சுருள் கொடுக்கும். அதாவது தான் சமைச்ச சாப்பாட்டையே அது சாப்பிட்டுக்குது. ஆனா முதல் தடவை அடுப்பு பத்தணுமே? அதுக்கு 325 வோல்ட் பக்கத்துலேர்ந்து பெரிய மதிப்புள்ள ஒரு ரெசிஸ்டர் வழியா சொட்டுச் சொட்டா கரண்ட் வந்து, ஒரு குட்டி கெப்பாசிட்டரை நிரப்பும். அது நிரம்பினதும் ஐசி கண் முழிக்கும், அந்தச் சேமிப்பை வெச்சு சில மில்லிசெகண்ட் ஓடும், அதுக்குள்ள துணைச் சுருள் கைகொடுக்கும். குட்டி கெப்பாசிட்டர் காய்ஞ்சு போயிருந்தா? ஐசி முழிக்கும், சேமிப்பு உடனே தீரும், மயங்கும். மறுபடி சொட்டுச் சொட்டா நிரம்பும், முழிக்கும், மயங்கும். டிக், டிக், டிக்.

கரண்ட் கட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு இப்போ புரியும். அந்த கெப்பாசிட்டர் பல மாசமாவே காய்ஞ்சுக்கிட்டு வந்திருக்கும். ஆனா சுவர் சுவிட்ச் எப்பவும் ஆன்ல இருந்ததால அது புதுசா அடுப்புப் பத்தவைக்க வேண்டிய அவசியமே வரல. ஈபி அன்னைக்கு எதையும் கெடுக்கல. அஞ்சாறு மணி நேரம் நிறுத்தினதால, முன்னாடியே கெட்டிருந்தது வெளிய தெரிஞ்சுது. "கரண்ட் போய் வந்ததும் போயிடுச்சு"ன்னு வர்ற கேஸ்ல எல்லாரும் மேல வோல்டேஜைத் திட்டுவோம். அதுவும் நடக்கும்தான், ஆனா அப்போ பெரும்பாலும் ஃபியூஸ் கருகியிருக்கும்.

ஏன் அந்த கெப்பாசிட்டர் மட்டும் காயணும்? ஒரு கணக்கு போடலாம். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்ல 105 டிகிரியில 2,000 மணி நேரம்னு ஆயுள் போட்டிருப்பாங்க. 10 டிகிரி குறைஞ்சா ஆயுள் ரெண்டு மடங்குன்னு ஒரு பொது விதி. 65 டிகிரியில இருந்தா 32,000 மணி நேரம். ஆறு வருஷம் இடைவிடாம ஓடினா 52,000 மணி நேரத்துக்கு மேல. இவர் உட்கார்ந்திருக்கிறது ஹீட் சிங்க் பக்கத்துல, கம்ப்யூட்டர் ஆஃப்ல இருக்கும்போது ஃபேன் காத்தும் கிடையாது. சைஸோ சுண்டுவிரல் நகம் அளவு. உள்ள இருக்கிற ஈரமும் அவ்வளவுதான்.

சந்தேகத்தை உறுதிப்படுத்த ஒரு பழைய தந்திரம் இருக்கு: ஹேர் டிரையர். பிளக்கைக் கழட்டிட்டு, அந்த கெப்பாசிட்டருக்கு மட்டும் ஒரு நிமிஷம் சூடு கொடுக்கணும். காய்ஞ்ச கெப்பாசிட்டர் சூடானா அதோட உள் மின்தடை தற்காலிகமா குறையும். உடனே பிளக்கைப் போட்டேன். ஊதா ஒயர்ல 5.06 வோல்ட், அசையாம நின்னுச்சு. மறுபடி கழட்டி ஆறவிட்டுப் போட்டா, திரும்ப டிக் டிக். குற்றவாளி வாக்குமூலம் கொடுத்த மாதிரி.

கழட்டி டெஸ்ட்டர்ல போட்டேன். மேல எழுதியிருக்கிறது 22 மைக்ரோஃபேரட், உள்ள இருந்தது மூணு சொச்சம். ரிச்சி ஸ்ட்ரீட்ல இது சில ரூபாய் சமாச்சாரம். ஆனா கடையில கேட்கும்போது 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர்னு சொல்லிக் கேளுங்க, சும்மா "22 மைக்ரோ 50 வோல்ட்"னு கேட்டா 85 டிகிரி ஒண்ணை எடுத்துக் கொடுத்துடுவாங்க. வோல்டேஜ் ரேட்டிங் பழசுக்குச் சமமாவோ அதிகமாவோ இருக்கணும். உடம்புல கோடு போட்டிருக்கிற பக்கம் மைனஸ், மாத்திப் போட்டா வெடிக்கும். ஸ்டாண்ட்பை வெளியீட்டுல இருந்த ரெண்டு கெப்பாசிட்டரையும் சேர்த்தே மாத்தினேன். அதே வயசு, அதே சூடு, எதுக்கு இன்னொரு தடவை திறக்கணும்?

மாத்தினதும் நேரா சுவத்துல சொருகக்கூடாது. வீட்டுல பழைய குண்டு பல்பு இருந்தா பத்திரப்படுத்துங்க, எல்ஈடி பல்பு இதுக்கு ஆகாது. 60 வாட்டோ 100 வாட்டோ ஒரு குண்டு பல்பை லைன்ல சீரிஸா போட்டு ஒரு போர்டு செஞ்சுக்கலாம். எலக்ட்ரீஷியன்கள் சீரிஸ் லேம்ப்னு சொல்வாங்க. டப்பாவுக்குள்ள எங்கேயாவது ஷார்ட் இருந்தா பல்பு முழுசா எரியும், டப்பா பிழைச்சுக்கும். சரியா இருந்தா ஒரு கணம் பளிச்னு எரிஞ்சு, கெப்பாசிட்டர் நிரம்பினதும் மங்கிடும். எனக்கு மங்குச்சு. இதை ஸ்டாண்ட்பையை மட்டும் பார்க்க வெச்சுக்கோங்க. ஆக்டிவ் பிஎஃப்சி இருக்கிற டப்பாவைப் பல்பு வழியா முழுசா ஓட்டினா அது குழம்பிப்போய் துடிக்கும்.

ஃபியூஸ் போன கேஸ் பத்தியும் சொல்லிடுறேன், நிறையப் பேர் கேட்டிருந்தீங்க. ஃபியூஸ் காரணம் இல்லாம போகாது. கண்ணாடிக்குள்ள கருப்பாப் பூசின மாதிரி இருந்தா பின்னாடி பெரிய ஷார்ட் இருக்கு. பிரிட்ஜை டையோடு மோடுல பாருங்க, ஒரு பக்கம் 0.5 சுமார் காட்டி மறுபக்கம் எதுவும் காட்டக்கூடாது. மாஸ்ஃபெட்டோட டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் நடுவுல பீப் அடிச்சா அது போயாச்சு. மாஸ்ஃபெட் போகும்போது தனியா போகாது, ஓட்டின ஐசியையும் பக்கத்து ரெசிஸ்டரையும் கூட்டிட்டுப் போகும். அந்த நிலைமையில நான் மூடி வெச்சிடுவேன். நேரமும் பாகங்களும் சேர்த்துப் பார்த்தா புது டப்பா லாபம், பாதுகாப்பும் கூட. ஃபியூஸுக்குப் பதிலா ஒயர் வெச்சுப் பார்க்கலாமான்னு கேட்டிருந்தீங்க ஒருத்தர். பண்ணாதீங்க ப்ரோ, வீடு பத்திக்கும். அதே மாதிரி உள்ள ஃபில்ட்டர் சுருள் இருக்கவேண்டிய இடத்துல வெறும் ஜம்பர் ஒயர் போட்டு விக்கிற மலிவு டப்பாக்களை ரிப்பேர் பண்ணக்கூடாதுன்னு நான் ஒரு கொள்கையாவே வெச்சிருக்கேன். அது நல்லா ஓடும்போதே எனக்கு நம்பிக்கை இல்ல.

டப்பா உயிர் வந்துடுச்சு, சரி. ஆனா இது என் டேபிள்ல இருக்கப்போற பொருள் இல்ல. ஒருத்தங்க கடையில, அவங்க கணக்கு வழக்கு இருக்கிற ஹார்டு டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்கப்போற பொருள். 12 வோல்ட் லைன் தாறுமாறா ஏறினா மதர்போர்டும் டிஸ்கும் சேர்ந்து போகும். அதனால லோட் டெஸ்ட். பைக், கார் ஹெட்லைட் பல்பு 12 வோல்ட் 55 வாட் ஒண்ணு மஞ்சள் ஒயர்ல மாட்டினா 4.6 ஆம்பியர் இழுக்கும். ரெண்டு போட்டா 9க்கு மேல. பல்பு கொதிக்கும், டைல்ஸ் மேல வைங்க. ஏடிஎக்ஸ் கணக்குப்படி 5 சதவீதம் முன்ன பின்ன இருக்கலாம்: 12க்கு 11.4லேர்ந்து 12.6, 5க்கு 4.75லேர்ந்து 5.25. எனக்கு 12 லைன் 11.9ல நின்னுச்சு. சாம்பல் ஒயர் 5 வோல்ட் கொடுத்துச்சு. சாதாரண மீட்டருக்குத் தெரியாத ஒண்ணு ரிப்பிள், டிசி மேல மிதக்குற அலை. 12ல 120 மில்லிவோல்ட், 5லயும் 3.3லயும் 50 மில்லிவோல்ட் தாண்டக்கூடாது. வெளியீட்டுப் பக்கம் பாதுகாப்பானதுங்கிறதால, நண்பரோட ஸ்கோப்பை வாங்கிப் பார்த்தேன். எல்லாம் வரம்புக்குள்ள. நாலு மணி நேரம் லோட்ல ஓடவிட்டேன், நடுவுல பத்துப் பதினஞ்சு தடவை பிளக்கைக் கழட்டி, நல்லா ஆறவிட்டுத் திரும்பப் போட்டேன். இந்தக் கேஸ்ல உண்மையான பரீட்சை அதுதான்.

திரும்ப மாட்டுறதுக்கு முன்னாடி அக்காகிட்ட ஒரு நிபந்தனை: டிஸ்க்ல இருக்கிற எல்லாத்தையும் வெளி டிஸ்க்ல ஒரு காப்பி எடுத்தப்புறம்தான் மாட்டுவேன். "எல்லாம்தான் சரியாயிடுச்சேப்பா, எதுக்கு?"ன்னாங்க. ஆறு வருஷப் பழைய டப்பாவுல மிச்ச கெப்பாசிட்டர்களுக்கும் அதே ஆறு வயசுன்னு விளக்கினேன். ராத்திரி கடை மூடும்போது சுவர் சுவிட்சையும் அணைக்கச் சொல்லியிருக்கேன். ரெண்டு லாபம். வாட்ச்மேனுக்கு ஓய்வு. கெப்பாசிட்டர் மறுபடி காய ஆரம்பிச்சாலும், பரீட்சை சீசன் நடுவுல திடீர்னு தெரியாம, காலையில ஸ்டார்ட் ஆக ரெண்டு மூணு நிமிஷம் அடம்பிடிக்கிறதுலேர்ந்தே முன்கூட்டித் தெரிஞ்சிடும். என் ஸ்பேர் டப்பா இன்னும் அவங்க கடை அலமாரியிலதான் இருக்கு. நான்தான் இருக்கட்டும்னு விட்டுட்டு வந்தேன்.

பிழைக்காத டப்பா உங்ககிட்ட இருந்தா ஃபேன், ஹீட் சிங்க், கனெக்டர் ஒயர் எல்லாம் எடுத்து வெச்சுக்கோங்க, மிச்சத்தைக் குப்பைத்தொட்டியில போடாம மின்கழிவு எடுக்கிறவங்ககிட்ட கொடுங்க. அடுத்த எபிசோட்ல யூபிஎஸ் பேட்டரி. வீட்டுல பத்து நிமிஷம்கூடத் தாங்காத யூபிஎஸ் இருக்கிறவங்க, அது எந்த வருஷம் வாங்கினதுன்னு பார்த்து வைங்க, கணக்கு போடத் தேவைப்படும்.